பெரிய வீடு குடும்பக் குழு: அபியோட பேச்சும் ‘அப்பல்லோ 13’ படமும்

அபி: எல்லாருக்கும் வணக்கம். திங்கட்கிழமை ஸ்கூல் பிரேயர்ல அஞ்சு நிமிஷம் பேசணும். பிடிச்ச படம், அதுல கத்துக்கிட்டது, இதான் தலைப்பு. நான் ‘அப்பல்லோ 13’ எடுத்திருக்கேன், 1970ல நிலாவுக்குப் போன கப்பல்ல நடுவழியில டேங்க் வெடிச்சும் மூணு பேர் உயிரோட திரும்பின நிஜக் கதை. விடாமுயற்சி, ஒற்றுமை, தன்னம்பிக்கைன்னு மூணு பாயின்ட் எழுதிக் காட்டினேன். இது எந்தப் படத்துக்கும் பொருந்துமே, இந்தப் படத்துல மட்டும் இருக்கறது என்னன்னு மிஸ் கேக்கறாங்க. சொல்லுங்க ப்ளீஸ்.

சுமதி சித்தி: மிஸ் கேட்டது நியாயம்தான்டி. ரான் ஹோவர்ட் 1995ல எடுத்த படம், 140 நிமிஷம். ஆபத்து வந்தப்புறம் அதுல பேசறதெல்லாம் ஆம்பியர், டிகிரி, நிமிஷக் கணக்குதான். கப்பலைக் கீழருந்து கவனிக்கற ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறை பூரா ஒவ்வொருத்தரும் அது போச்சு, இது போச்சுன்னு சொல்லிக்கிட்டிருப்பாங்க. அப்ப அந்த அறைத் தலைவர் ஜீன் கிரான்ஸா வர்ற எட் ஹாரிஸ், கப்பல்ல எது நல்லா இருக்குன்னு கேப்பார். அங்கிருந்து ஆரம்பி.

ரவி மாமா: கரெக்ட். கரண்ட் பேனல்ல ஃபால்ட் பாக்கறப்பவும் அதேதான் முதல் வேலை. எதுல சப்ளை இருக்கு, எது தனியா நிக்குதுன்னு முதல்ல பிரிக்கணும். போனதை மட்டும் எண்ணிட்டு இருந்தா கை எங்க வைக்கறதுன்னே தெரியாது.

அபி: மாமா, வெடிச்சது ஆக்ஸிஜன் டேங்க். அதுக்கு ஏன் கரண்ட் போச்சு? அதை எப்படிச் சுருக்கமா சொல்றது?

கதிர் அண்ணா: கப்பல்ல ரெண்டு பகுதி ஒட்டிக்கிட்டு போகுது அபி. ஒண்ணு ஒடிஸி, தலைவர் ஜிம் லோவல், ஜாக் ஸ்விகெர்ட், ஃப்ரெட் ஹெய்ஸ்னு மூணு பேரும் இருக்கற தாய்க்கலம். இன்னொண்ணு அக்வேரியஸ், ரெண்டு பேர் நிலாவுல இறங்கறதுக்கான கலம். ஒடிஸிக்குக் கரண்ட் தர்றது ஃப்யூயல் செல். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கரண்ட் வரும், கூடவே தண்ணியும் வரும், அதைத்தான் குடிக்கறாங்க. 2ஆம் நம்பர் டேங்க் வெடிச்சதுல 1ஆம் நம்பர் டேங்கும் கசிய ஆரம்பிச்சுது. ஆக்ஸிஜன் போனா மூச்சு, கரண்ட், தண்ணி மூணும் ஒரே நேரத்துல போகுது. அதனால ஒடிஸியை அணைச்சுட்டு மூணு பேரும் அக்வேரியஸை நம்பி இருந்தாங்க, பூமியில இறங்க மட்டும் ஒடிஸியைத் திரும்ப ஆன் பண்ணணும். பூமியிலிருந்து கிட்டத்தட்ட 3,20,000 கிலோமீட்டர்ல இது நடக்குது.

கதிர் அண்ணா: இன்னொரு விஷயம். ஹூஸ்டன்ல அப்ப 1970 ஏப்ரல் 13 ராத்திரி 9.08. நம்ம நேரம் ஏப்ரல் 14 காலை 8.38. இங்க எல்லார் வீட்டுலயும் சித்திரை முதல் நாள்.

பெரியப்பா: அபிக்கண்ணு, படத்துல ஹூஸ்டன் அறையில கரண்ட் கணக்கைப் பாக்கற ஜான் ஆரன்னு ஒரு இளைஞர் வருவார், நிஜத்துலயும் அதே பேர்ல இருந்தவர். அக்வேரியஸ் இப்ப இழுக்கற மாதிரி 60 ஆம்பியர் இழுத்தா 16 மணி நேரத்துல பேட்டரி தீந்துடும், 45 மணி நேரம் வராதுன்னு சொல்வார். 12 ஆம்பியருக்குக் கொண்டு வரணும்பார். அந்தக் கணக்கைக் கரும்பலகையில போடு. 60 × 16 = 960 ஆம்பியர்-மணி. அதே 960ஐ 12ஆல வகுத்தா 80 மணி. 16 மணி நேரம் 80 மணி நேரமாகுது. புதுசா ஒரு பேட்டரியும் வரல, செலவைக் குறைச்சதுதான்.

ரவி மாமா: மச்சான் சொன்ன 12 ஆம்பியர் எவ்வளவுன்னு பசங்களுக்குப் புரியணும். அது 28 வோல்ட் டி.சி. 28 × 12 = 336 வாட். நம்ம வீட்டு மிக்ஸி 750 வாட். மிக்ஸியில பாதி கூட இல்லாத கரண்ட்ல மூணு பேரை வெச்சு ஒரு கப்பலை ஓட்டியிருக்காங்க. ஹீட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ரேடியோ, காத்து சுத்தற ஃபேன், குளிர்விக்கற தண்ணி பம்ப், இது மாதிரி விட முடியாதது மட்டும்தான்.

அபி: அதனாலதான் மூச்சு விட்டா ஆவி வருதா?

கதிர் அண்ணா: ஆமா, ஒடிஸிக்குள்ள 3 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இறங்கிடுச்சு. ஆனா அவங்க ரொம்பப் பயந்தது தண்ணிக்கு. குடிக்கறதுக்கு மட்டுமில்ல, அக்வேரியஸோட கருவிகளைக் குளிர்விக்கறதுக்கும் அதே தண்ணிதான். அதனால ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 அவுன்ஸ், அதாவது முக்கால் டம்ளர் அளவு, 180 மில்லிதான் குடிச்சாங்க. வழக்கமா குடிக்கறதுல அஞ்சுல ஒரு பங்கு. கடைசியில 12.8 கிலோ தண்ணி மிச்சம் இருந்துது, மொத்தத்துல 9 சதவீதம்.

செல்வி அத்தை: அது உடம்புக்குப் பெரிய தண்டனை. ஃப்ரெட் ஹெய்ஸுக்கு காய்ச்சலும் நடுக்கமும் வரும் பாரு, அது படத்துக்காகச் சேர்த்தது இல்ல. தண்ணி குறைஞ்சா சிறுநீர் சுண்டும், தொற்று வரும். அவருக்கு வந்தது சிறுநீர்த் தொற்றுதான். ஜிம் லோவலுக்கு மட்டும் 14 பவுண்டு, ஆறு கிலோவுக்கு மேல எடை குறைஞ்சுது. அபி, இதையும் சொல்லு. மிச்சப்படுத்தறதுக்கும் ஒரு விலை இருக்கு, அந்த விலையை யார் உடம்பு தாங்குதுன்னு பாத்துத்தான் முடிவெடுக்கணும்.

அபி: அத்தை, அந்த சதுர டப்பா, வட்ட டப்பா சீன் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆக்ஸிஜன் தீந்துடுச்சுன்னு தானே அதைச் செய்யறாங்க?

செல்வி அத்தை: இல்லடா, நிறைய பேர் அப்படித்தான் நினைக்கறாங்க. அக்வேரியஸ்ல ஆக்ஸிஜன் போதுமான அளவு இருந்துது. மூச்சுல வெளிய விடற கரியமில வாயு உள்ளயே சேர்றதுதான் ஆபத்து. வெளிக்காத்துல அதோட அழுத்தம் பாதரச அளவுல 0.3 மில்லிமீட்டர்தான் இருக்கும். 15ஐத் தொட்டா ஆபத்துன்னு அவங்க எல்லை வெச்சிருந்தாங்க. கூடக் கூட முதல்ல தலைவலி, மூச்சு வேகமாகும், அப்புறம் புத்தி தடுமாறும், தூக்கமா வரும். புத்தி தடுமாறறதுதான் மோசம், ஏன்னா தப்பு பண்றோம்னு அவங்களுக்கே தெரியாது.

கதிர் அண்ணா: அதை உறிஞ்சறது லித்தியம் ஹைட்ராக்ஸைடு நிரப்பின டப்பா. அக்வேரியஸ் ரெண்டு பேருக்கு 45 மணி நேரத்துக்குச் செஞ்சது. இப்ப மூணு பேர், 90 மணி நேரம். அதோட டப்பா பத்தாது. ஒடிஸியில டப்பா நிறைய இருக்கு, ஆனா அது சதுரம். அக்வேரியஸோட குழி வட்டம். ரெண்டு கலத்தையும் கட்டினது வேற வேற கம்பெனி, அவங்கவங்க அளவுல செஞ்சுட்டாங்க. ஒண்ணோட பொருளை இன்னொண்ணுல போட வேண்டி வரும்னு முன்கூட்டி யோசிக்கல.

அபி: எப்படிச் செஞ்சாங்கன்னு படிப்படியா சொல்லுங்க அண்ணா. படத்துல சீக்கிரமா போயிடுது.

கதிர் அண்ணா: எட் ஸ்மைலி தலைமையில இருந்த குழு முதல்ல ஹூஸ்டன்ல அதைச் செஞ்சு சோதிச்சுப் பாத்தாங்க. கப்பல்ல இருக்கற பொருள் மட்டும்தான் பயன்படுத்தணும். அப்புறம் ரேடியோவுல வாசிச்சாங்க. முறை இது.

சதுர டப்பா ஒண்ணை எடுத்துக்கோ. கை நீளத்துக்கு, சுமார் 3 அடி, ரெண்டு டேப் வெட்டு. டப்பாவோட பக்கவாட்டுல, மேல் விளிம்பு கிட்ட ஒண்ணு, கீழ் விளிம்பு கிட்ட ஒண்ணு, பெல்ட் மாதிரி சுத்து. பசை வெளிப்பக்கம் பாக்கணும். இதான் முக்கியம். பசை மேல பிளாஸ்டிக் பை வந்து ஒட்டினாத்தான் இடைவெளி இல்லாம இருக்கும்.

அடுத்தது அட்டை. குறிப்பு அச்சடிச்ச தடிமனான அட்டையை வெட்டி, டப்பாவோட மேல்வாய்க்கு மேல வில்லு மாதிரி வளைச்சு வை. அப்புறம் பிளாஸ்டிக் பையை மேலிருந்து மாட்டி, பெல்ட்ல அழுத்தி ஒட்டு, அதுக்கு மேல திரும்ப டேப் சுத்து. பையோட ஒரு மூலையில ஓட்டை போட்டு விண்வெளி உடையோட சிவப்புக் குழாயை நுழைச்சு டேப் போடு. கடைசியா டப்பாவோட அடியில ஒரு ஓட்டை இருக்கும், அதைத் துணியோ சாக்ஸோ வெச்சு அடை. அடைக்கலைன்னா காத்து உள்ள இருக்கற லித்தியம் ஹைட்ராக்ஸைடு வழியா போகாம அந்த ஓட்டை வழியா நழுவிடும்.

ரவி மாமா: அட்டை எதுக்குன்னு சொல்ல மறந்துட்டியே கதிரு. ஃபேன் குழாய் வழியா உறிஞ்சுது. பை மெல்லிசு. அட்டை இல்லைன்னா பை உள்ள இழுபட்டு டப்பா வாயை அடைச்சுக்கும், காத்தே போகாது. அந்த ஒரு துண்டு அட்டை நிக்கலைன்னா மொத்த வேலையும் வீண்.

அபி: இதை மேடையில செஞ்சு காட்ட முடியுமா மாமா?

ரவி மாமா: தாராளமா. வாக்குவம் க்ளீனர் ஒண்ணு, சதுரமான பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, தடிமன் இல்லாத பாலிதீன் கவர், அகலமான துணி டேப், காலண்டர் அட்டை. டப்பாவோட அடியில ஆணியைச் சுட்டு பென்சில் தடிமன்ல இருபது ஓட்டை போடு, காத்து அந்த வழியா வரட்டும். மேல்வாய் திறந்திருக்கணும், மேல ஒரு துண்டு கொசுவலை கட்டு. முதல்ல அட்டை இல்லாம கவரை மாட்டி, மூலையில குழாயை நுழைச்சு ஆன் பண்ணு. கவர் பட்டுன்னு வலை மேல ஒட்டிக்கும், மோட்டார் சத்தம் மாறும். ஆஃப் பண்ணிட்டு அட்டையை வளைச்சு வெச்சுத் திரும்ப ஆன் பண்ணு. சத்தமே வித்தியாசம் காட்டிடும். செலோடேப் வேண்டாம், பாலிதீன்ல நிக்காது. அடைச்ச நிலையில அஞ்சு விநாடிக்கு மேல ஓட விடாதே, மோட்டார் சூடாகும். ஆணி சுடற வேலையை அப்பாவைச் செய்யச் சொல்லு.

பெரியப்பா: அதுக்கு ஒன்றரை நிமிஷம் போதும். இப்ப நான் ஒண்ணு சொல்றேன், படத்துல எனக்கு ரொம்ப முக்கியமான காட்சி. ஒடிஸியை அணைக்கறதுக்கு முன்னாடி, அதோட திசைக் கோணங்களை அக்வேரியஸ் கம்ப்யூட்டருக்கு மாத்தணும். ரெண்டு கலமும் வேற வேற பக்கம் பாத்து நிக்குது, அதனால கூட்டல் கழித்தல் போட்டு மாத்தணும். லோவல் பென்சில்ல போடறார். போட்டுட்டு, என் கணக்கைச் சரி பாருங்கன்னு ஹூஸ்டனைக் கேக்கறார். கீழ மேசையில உட்கார்ந்தவங்க ஆளுக்கு ஒரு தாள்ல தனித்தனியா போட்டுப் பாத்துட்டு, வரிசையா கட்டைவிரலைத் தூக்கறாங்க. நிஜத்துலயும் கேட்டார்.

பெரியப்பா: அந்த மனுஷன் ஏற்கெனவே மூணு தடவை விண்வெளிக்குப் போயிட்டு வந்தவர், 1968லயே அப்பல்லோ 8ல நிலாவைச் சுத்தினவர். அவருக்கு ரெண்டு இலக்கக் கூட்டல் தெரியாதா? பதற்றத்துல யாருக்கும் தப்பும்னு தெரிஞ்சவர். பரீட்சை ஹால்ல பிள்ளைங்க விடற மார்க்கெல்லாம் பெரிய தேற்றத்துல இல்ல, இந்தக் கூட்டல்லதான். சரி பாக்கறவர் உன் விடையைப் பாத்துக்கிட்டே சரி பாக்கக் கூடாது, தனியா போட்டுட்டு ஒப்பிடணும்.

சுமதி சித்தி: அது மாதிரியே இன்னொண்ணு அண்ணா. ஜாக் ஸ்விகெர்ட் ஒரு சுவிட்ச் மேல வேண்டாம்னு எழுதின துண்டுச் சீட்டை ஒட்டுவார். அதை அழுத்தினா அக்வேரியஸ் பிரிஞ்சு போயிடும், உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. தூக்கமில்ல, குளிர்ல கை மரத்துப் போச்சு, கை தவறிடக் கூடாது. சோர்வா இருக்கறப்போ என் நினைப்பை நம்ப மாட்டேன், சீட்டை நம்பறேன்னு அர்த்தம்.

அபி: சூப்பர் சித்தி, அதைக் கண்டிப்பா சேர்க்கறேன். அப்புறம் கென் மேட்டிங்லி ராத்திரி பூரா சிமுலேட்டர்ல, அதான் கப்பல் மாதிரியே செஞ்ச பயிற்சிக் கலத்துல, உட்கார்ந்து ஒடிஸியை எப்படித் திரும்ப ஆன் பண்றதுன்னு கண்டுபிடிப்பாரே, அது நிஜமா?

கதிர் அண்ணா: பாதி நிஜம். ருபெல்லா அம்மை வரலாம்னு சொல்லி அவரைக் கடைசி நேரத்துல பயணத்துலருந்து எடுத்தது உண்மை. அவருக்குக் கடைசி வரைக்கும் வரவே இல்லை, 1972ல அப்பல்லோ 16ல நிலாவைச் சுத்தினார். ஆனா ஒடிஸியைத் திரும்ப உயிர்ப்பிக்கற வரிசையைப் பல பொறியாளர்கள் சேர்ந்து போட்டாங்க, சினிமாவுக்காக அந்த வேலையை ஒருத்தர் தலையில ஏத்திட்டாங்க. நீ பேசறப்ப அவர் ஒருத்தரே காப்பாத்தினார்னு சொல்லிடாதே.

ரவி மாமா: அந்த வரிசைதான் என் கட்சி. ஒடிஸியில மிச்சம் பூமியில இறங்கறதுக்கான மூணு பேட்டரி, ஒவ்வொண்ணும் 40 ஆம்பியர்-மணி. விபத்து நடந்த உடனே ஒண்ணுல கொஞ்சம் செலவாயிடுச்சு. அதை அக்வேரியஸ்லருந்து திருப்பிச் சார்ஜ் பண்ணினாங்க. வழக்கமா கரண்ட் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போற கேபிள், அதை எதிர்த்திசையில ஓட்டினாங்க.

ரவி மாமா: ஆரன் செஞ்ச தைரியமான முடிவு இன்னொண்ணு. வழக்கப்படி முதல்ல மீட்டர், அளவு காட்டற கருவி, கீழ தகவல் அனுப்பற கருவி எல்லாம் ஆன் பண்ணுவாங்க, பாத்துக்கிட்டே மத்ததை ஆன் பண்ணலாம்னு. அவர் அதைக் கடைசியில வெச்சார். பாக்கறதுக்கே கரண்ட் செலவாகுதுன்னு கணக்குப் போட்டார். கண்ணைக் கட்டிக்கிட்டு ஆன் பண்ற மாதிரி, அதனாலதான் ஒவ்வொரு படியும் கீழ முன்னாடியே சோதிச்சிருக்கணும்.

அபி: பேனல்ல தண்ணி முத்து முத்தா நிக்குதே, ஷார்ட் ஆகாதா?

கதிர் அண்ணா: ஆகியிருக்கணும். ஆகாததுக்கு ஒரு சோகமான காரணம் இருக்கு. 1967 ஜனவரி 27 அப்பல்லோ 1 சோதனையில தீப்பிடிச்சு கிரிஸம், வைட், சாஃபி மூணு பேரும் இறந்தாங்க. அதுக்கப்புறம் ஒயரிங், இன்சுலேஷன் எல்லாத்தையும் மாத்தினாங்க. அந்தத் திருத்தம்தான் மூணு வருஷம் கழிச்சு இந்த மூணு பேரைக் காப்பாத்துச்சு. படம் தொடங்கறதும் அந்தத் தீ விபத்துலதான்.

ரவி மாமா: அபி, டேங்க் ஏன் வெடிச்சுதுன்னு படம் கடைசியில ரெண்டு வரியில சொல்லிட்டுப் போயிடும். என்னைக் கேட்டா உன் பேச்சுல பாதி இதுக்குத்தான் கொடுக்கணும்.

ரவி மாமா: டேங்குக்குள்ள ஹீட்டர், அதுக்கு ஒரு தெர்மோஸ்டாட் சுவிட்ச், சூடு ஏறினா தானா கரண்டை நிறுத்தறது. முதல்ல எல்லாம் 28 வோல்ட்டுக்கு வடிவமைச்சாங்க. 1965ல ஏவுதளத்துல 65 வோல்ட் கொடுப்போம், அதுக்கேத்த மாதிரி மாத்துங்கன்னு உத்தரவு போச்சு. ஹீட்டரை மாத்தினாங்க, சுவிட்சை மாத்தல. அதுக்கப்புறம் எத்தனையோ பேர் சரி பாத்தும் யார் கண்ணுலயும் படல. அதுவரைக்கும் நடந்த சோதனையில அந்த சுவிட்ச் லோடோட திறக்கற நிலைமையே வரல, அதான் காரணம்.

ரவி மாமா: 1968ல அந்த டேங்கை, அது முதல்ல இருந்த அப்பல்லோ 10 கலத்துலருந்து கழட்டறப்போ ஒரு போல்ட்டை விட்டுட்டாங்க. டேங்க் இருந்த தட்டு ரெண்டு அங்குலம் கீழ விழுந்துது. வெளிய அடி தெரியல. உள்ள நிரப்பற குழாய் நகர்ந்திருக்கணும். 1970 மார்ச்ல ஒத்திகை முடிஞ்சு டேங்கைக் காலி பண்ணப் பாத்தா காலியாகல. சரி, ஹீட்டரைப் போட்டு ஆவியாக்கிடலாம்னு 8 மணி நேரம் 65 வோல்ட் ஓட்டினாங்க. 27 டிகிரி வந்தா சுவிட்ச் திறக்கணும். திறக்கறப்போ 65 வோல்ட் டி.சி. ஆர்க் அடிச்சு கான்டாக்ட் ரெண்டும் ஒட்டிக்கிச்சு. டி.சி.யில ஆர்க் தானா அணையாது. ஏ.சி. மாதிரி நொடிக்கு நூறு தடவை சுழிக்கு வராது.

அபி: மீட்டர்ல தெரியாதா மாமா?

ரவி மாமா: அதான் கொடுமை. அந்த மீட்டர் கிட்டத்தட்ட 27 டிகிரிக்கு மேல காட்டாது, அதுக்கு மேல போகவே போகாதுன்னு நினைச்சு அப்படிச் செஞ்சது. உள்ள சில இடத்துல 500 டிகிரிக்கு மேல போயிருக்கலாம்னு விசாரணையில கணக்கு வந்துது. ஆளு மீட்டரைப் பாத்தார், முள்ளு 27ல நிக்குது, நல்லா இருக்குன்னு நினைச்சார். ஒயர் மேல இருந்த டெஃப்ளான் உறை வெந்து போச்சு. அப்புறம் விண்வெளியில ஸ்விகெர்ட் டேங்கைக் கலக்கற ஃபேனை ஆன் பண்ணினார், பொறி, தீ. அவர் செஞ்சது தினசரி வேலை. அவர் மேல ஒரு தப்பும் கிடையாது.

பெரியப்பா: எட்கர் கோர்ட்ரைட் தலைமையில விசாரணைக் குழு இதை ஒவ்வொண்ணா கோர்த்துக் கண்டுபிடிச்சுது. மீட்டர் எல்லையில நின்னா அது அளவு இல்ல, மீட்டரோட முடிவுன்னு எடுத்துக்கணும். தெர்மாமீட்டர் உச்சியைத் தொட்டா காய்ச்சல் அவ்வளவுதான்னு அர்த்தமில்ல, இல்லையா செல்வி?

செல்வி அத்தை: ஆமா அண்ணா. வார்டுல சுகர் பாக்கற கருவி எண்ணுக்குப் பதிலா ‘ஹை’னு காட்டினா ரத்தத்தை லேபுக்கு அனுப்பணும்னு விதியே இருக்கு.

சுமதி சித்தி: பேசறப்போ ரெண்டு எச்சரிக்கை. தோல்விக்கு இடமில்லைன்னு கிரான்ஸ் சொல்ற வசனம் படத்துக்காக எழுதினது, அன்னிக்கு அவர் சொன்னதா பேசிடாதே. ஹூஸ்டனைக் கூப்பிட்டுப் பிரச்சினைன்னு சொல்ற வரி, நிஜத்துல முதல்ல சொன்னது ஸ்விகெர்ட், படத்துல லோவல். ஸ்விகெர்ட்டும் ஹெய்ஸும் சண்டை போடறதும் கற்பனைதான்.

கதிர் அண்ணா: விலகின பாதையைச் சரி பண்ணக் கம்ப்யூட்டர் இல்லாம எஞ்சினை ஓட்டற காட்சியும் படத்துல 39 விநாடி, நிஜத்துல 14. ஆனா முறை நிஜம். ஜன்னல் குறுக்குக்கோட்டுல பூமியைப் பிடிச்சு நிறுத்தி, லோவலும் ஹெய்ஸும் ஆளுக்கு ஒரு பக்கம் சமன் பண்ண, ஸ்விகெர்ட் கைக்கடிகாரத்துல நேரம் சொன்னார். பாதை ஏன் விலகுச்சுன்னா, குளிர்விக்கற தண்ணி ஆவியா வெளிய போறது மெல்ல மெல்லக் கப்பலைத் தள்ளிக்கிட்டே இருந்துது. அவ்வளவு சின்ன விசை, நாலு நாள்ல பெரிசாயிடுச்சு.

அபி: எல்லாம் எழுதிட்டேன். ஆனா ரொம்ப நீளமா வருது. எவ்வளவு வெட்டணும் பெரியப்பா?

பெரியப்பா: தமிழ்ல நிதானமா பேசினா நிமிஷத்துக்கு 90 வார்த்தை. செஞ்சு காட்டறதுக்கு ஒன்றரை நிமிஷம் போக மூன்றரை நிமிஷம், 315 வார்த்தை. 300ல நிறுத்திக்கோ. எது நல்லா இருக்குன்னு கேட்டது, 960 கணக்கு, டேங்க் சுவிட்ச் கதை. இந்த மூணு போதும். தண்ணி, குளிர், 14 விநாடி எல்லாம் கேள்வி கேட்டா சொல்லிக்கலாம். லோவல் கணக்கு சரி பாக்கச் சொன்னதை மட்டும் ரெண்டு வரியில வை, எனக்காக.

அபி: சரி பெரியப்பா, அது கண்டிப்பா இருக்கும்.

ரவி மாமா: மேடையில பிளக் பாயின்ட் எங்க இருக்கு, 6 ஆம்பியரா 16 ஆம்பியரான்னு பாத்து வெச்சுக்கோ. வாக்குவம் க்ளீனர் பிளக் பெரிசா இருந்தா சின்ன சாக்கெட்ல அடாப்டர் போட்டு ஓட்ட வேண்டாம். 16 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்க வீட்டுல இருக்கு, ஞாயித்துக்கிழமை அப்பாவை அனுப்பு.

அபி: அப்பா சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றாங்களாம் மாமா. காலண்டர் அட்டையும் ரெண்டு எடுத்து வைங்க, இங்க ஒண்ணுதான் இருக்கு.